ஆய்வு மாணவரின் தெம்பு எங்கே போகிறது?

முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாவது வருடத்துக்கும் ஐந்தாவது வருடத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் வரும். கோர்ஸ் ஒர்க் என்கிற வகுப்புப் பாடங்கள் எப்போதோ முடிந்திருக்கும், டேட்டா பாதிக்கு மேல் கையில் இருக்கும், கைடு (ஆய்வு வழிகாட்டி) "எழுத ஆரம்பிங்க" என்று சொல்லியிருப்பார், வீட்டில் "இன்னும் எத்தனை நாள்தான்?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். வேலையே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் லேபுக்குப் போகிறார்கள், நூலகத்தில் உட்காருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் உள்ளே ஏதோ வற்றிப்போயிருக்கும். அந்த நேரத்தில் சுற்றியிருக்கிற எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு.

அந்த அறிவுரை போதாது என்பதுதான் நான் சொல்ல வருவது. விடாமுயற்சி என்பது தனியாக நிற்கிற குணம் இல்லை. அதற்கு அடியில் தெம்பு இருக்க வேண்டும். அந்தத் தெம்பு எதனால் வருகிறது, எதனால் வடிகிறது என்பதைப் பற்றி உளவியலில் கடந்த முப்பது வருடங்களாக நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் (இப்போது நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கிற பயிற்சி) என்று இப்போது எங்கே திரும்பினாலும் காதில் விழுகிறதே, அதற்கும் ஆய்வுப் படிப்பை முடிப்பதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதென்றால் அது இந்தத் தெம்பின் வழியாகத்தான் வருகிறது.

முதலில் நிலைமை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் பிஎச்.டி. படிப்பவர்களின் எண்ணிக்கை 2014-15ல் 1.17 லட்சம்; 2021-22ல் அது 2.12 லட்சம் என்று மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏழு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆள் கூடியிருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எந்த மனநிலையில் படிக்கிறார்கள் என்று பேசுவது அந்த அளவுக்குக் கூடவில்லை. வெளிநாடுகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்.டி. மாணவர்களிடம் எடுத்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. அதில் 32 சதவீதம் பேர் மனநலப் பாதிப்பு இருக்கிற அல்லது வரக்கூடிய நிலையில் இருந்தார்கள். அடுத்த வருடம் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில் 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம், 39 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. இரண்டாவது ஆய்வில் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள்தான் இருந்தார்கள், அதனால் கஷ்டப்படுபவர்கள் கொஞ்சம் அதிகமாக வந்திருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டாலும் இது சின்ன எண் இல்லை.

முடிக்காமல் போவதும் நாம் நினைப்பதை விட அதிகம். அமெரிக்காவில் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு பல வருடம் கணக்கெடுத்துப் பார்த்ததில், பிஎச்.டி.யில் சேர்ந்தவர்களில் பத்து வருடத்துக்குள் முடித்தவர்கள் சுமார் 57 சதவீதம்தான். மனிதவியல் துறைகளில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. நல்ல மதிப்பெண் வாங்கி, நுழைவுத்தேர்வு எழுதி, நேர்முகத் தேர்வு தாண்டி உள்ளே வந்தவர்கள் இவர்கள். அறிவு இல்லாததால் விட்டுப்போனார்கள் என்று சொல்லவே முடியாது.

அப்படியென்றால் மன உறுதிதான் இல்லையா? 2007ல் ஏஞ்சலா டக்வொர்த்தும் அவருடைய சகாக்களும் 'கிரிட்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். நீண்டகால இலக்கின் மேல் விடாத ஆர்வம், விடாத உழைப்பு, இரண்டும் சேர்ந்தது அது. உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடங்களில் கிரிட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பத்து வருடம் கழித்து, 2017ல், மார்கஸ் கிரேடே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 66,807 பேரின் தரவு. பொறுப்புணர்வு, ஒழுங்கு என்று உளவியலில் ஏற்கெனவே அளந்துகொண்டிருந்த குணத்தோடு கிரிட் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. உழைப்பில் விடாமல் நிற்பது என்ற பகுதி மட்டும் படிப்பின் பலனோடு ஓரளவு தனித்துத் தொடர்புகொண்டிருந்தது. சரி, விடாமல் உழைப்பது உதவுகிறது. இது நமக்கு முன்பே தெரியும். விடாமல் உழைக்க ஒருவருக்கு எங்கிருந்து முடிகிறது என்பதுதான் கேள்வி, அதற்கு இந்த அளவுகோலில் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1997ல் ரிச்சர்ட் ரயனும் கிறிஸ்டினா ஃபிரெடரிக்கும் தெம்பை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அதில் இருக்கிற வாக்கியங்கள் ரொம்ப எளிமையானவை. உயிர்ப்போடு இருப்பதாக உணர்கிறேன், அடுத்த நாள் எப்போது வரும் என்று இருக்கிறது, பெரும்பாலும் சுறுசுறுப்பாக இருக்கிறேன், இந்த மாதிரி. உடம்பில் சத்து இருந்தால் தெம்பு இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, இதில் அளக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவர்கள் நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களையும் பார்த்தார்கள். வலி தன்னை முடக்கிவிட்டது, வலியை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று உணர்ந்தவர்களுக்குத்தான் தெம்பு குறிப்பாகக் குறைந்திருந்தது. உடம்பில் நடப்பதும் முக்கியம், ஆனால் அதைத் தன்னால் சமாளிக்க முடிகிறது என்ற உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதும் தெம்பைத் தீர்மானிக்கிறது.

இதைவிட ஆய்வு மாணவர்களுக்கு நெருக்கமான முடிவு ஒன்று 1999ல் வந்தது. கிளென் நிக்ஸ் என்பவர் முதல் ஆசிரியராக இருந்து, ரயனும் எட்வர்ட் டெசியும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. ஒரு வேலையை வெற்றிகரமாக முடித்தால் மனிதர்களுக்குச் சந்தோஷம் வருகிறது. தானாக விரும்பிச் செய்தாலும் சரி, பிறர் நெருக்கிச் செய்தாலும் சரி, சந்தோஷம் வந்துவிடுகிறது. ஆனால் தானாக எடுத்துச் செய்தபோதுதான் தெம்பு குறையாமல் நின்றது அல்லது கூடியது. நெருக்கடியில் செய்து ஜெயித்தபோது சந்தோஷம் மட்டும் வந்தது, தெம்பு வரவில்லை.

பேப்பர் அக்செப்ட் ஆன அன்று சாயங்காலமே ஏன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம் என்று புரியாமல் தவிக்கிற ஸ்காலர்களுக்கு (ஆய்வு மாணவர்களுக்கு) இந்த ஒரு முடிவே பெரிய ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். கைடு சொன்ன தலைப்பு, கைடு சொன்ன ஜர்னல், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்ற ஒரே கவலை, சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்க இத்தனை பேப்பர் வேண்டும் என்ற கணக்கு. இவற்றுக்கு நடுவில் வந்த அக்செப்டன்ஸ் மெயில் சந்தோஷத்தைத் தரும், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து அடுத்த வேலையைத் தொடுவதற்கான தெம்பு அதில் இருந்து வராமல் போகலாம். இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொள்பவர்கள் எத்தனை பேர்! (ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டாயம் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசிய அளவிலான நிபந்தனையை யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை, அதனால் நெருக்கடி அப்படியேதான் இருக்கிறது.)

டெசியும் ரயனும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று தேவைகள் அடிப்படையானவை: செய்வதைத் தானாக விரும்பிச் செய்கிறோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நமக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இவை கிடைத்தால் தெம்பு கூடும், அடைபட்டால் வடியும். பிஎச்.டி. என்ற அமைப்பை இந்த மூன்றோடு ஒட்டிப் பாருங்கள். தலைப்பு முதல் விடுப்பு வரை ஒருவருடைய கையெழுத்தை நம்பி இருக்க வேண்டும். நன்றாகச் செய்கிறோமா இல்லையா என்று மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தெரியாது. பள்ளியிலும் கல்லூரியிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண் வந்து "நீ நன்றாகப் படிக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தது, அது இங்கே திடீரென்று நின்றுவிடுகிறது. கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம், குழந்தை என்று வேறு பக்கம் போய்விட்டிருப்பார்கள். மூன்று கதவும் ஒரே சமயத்தில் சாத்திக்கொள்கிற படிப்பு வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கனடாவில் டேவிட் லிட்டாலியனும் ஃபிரெடெரிக் கேயும் பிஎச்.டி.யை முடித்தவர்களையும் பாதியில் விட்டவர்களையும் ஒப்பிட்டு 2015ல் எழுதினார்கள். விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு மிக வலுவாகத் தொடர்புகொண்டிருந்தது 'என்னால் முடியும்' என்ற உணர்வு குறைந்துபோவது. அந்த உணர்வைத் தாங்கிப் பிடித்தவற்றில் வழிகாட்டியின் ஆதரவும் உண்டு.

இப்போது மைண்ட்ஃபுல்னெஸுக்கு வருவோம். பௌத்தத் தியான மரபில் இருந்து எடுத்து, மத அடையாளம் இல்லாமல், மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்குச் சில வாரப் பயிற்சியாக அதை ஆரம்பித்தார். அவரும் ஒரு காலத்தில் ஆய்வு மாணவர்தான், எம்.ஐ.டி.யில் நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியாவிடம் மூலக்கூறு உயிரியலில் 1971ல் முனைவர் பட்டம் வாங்கியவர், தியானம் அவருக்கு அறிமுகமானதும் அந்த மாணவப் பருவத்தில்தான். பயிற்சி எளிமையானது. இப்போது என்ன நடக்கிறதோ அதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், கவனித்துக்கொண்டு இருப்பது. மூச்சைக் கவனிப்பது அதற்கு ஒரு வழி. மனதைக் காலியாக்குவது, எண்ணமே வராமல் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் நம் ஊரில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை. எண்ணம் வரும். வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப வருவதுதான் பயிற்சியே.

2003ல் கிர்க் வாரன் பிரவுனும் அதே ரிச்சர்ட் ரயனும் இந்தக் கவனத்தை அளக்க 15 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் எந்திரம் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன், சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொறித்துக்கொண்டிருக்கிறேன் என்கிற மாதிரியான வாக்கியங்கள். அடிக்கடி அப்படி நடக்கிறது என்றால் கவனம் குறைவு. தெம்பின் அளவுகோலிலும் கவனத்தின் அளவுகோலிலும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் இல்லை. எந்திரம் மாதிரி ஓடும்போது நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, பழக்கமும் பயமும் நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. கவனிக்க ஆரம்பித்தால்தான் எனக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவே முடியும். தானாக விரும்பிச் செய்கிற உணர்வு அங்கிருந்து வருகிறது, தெம்பு அதன் பின்னால் வருகிறது, விடாமுயற்சி கடைசியில் வருகிறது. வரிசை இதுதான். நாம் கடைசியில் வருவதை முதலில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு நாளின் மிகச் சின்னத் துண்டை எடுத்துப் பார்க்கலாம். காலை பத்தரை மணி. ஸ்காலர் நான்காவது அத்தியாயத்தின் ஃபைலைத் திறக்கிறார். போன மாதம் கைடு போட்ட கமெண்டுகள் வலது ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது கமெண்ட்: இந்த வாதத்துக்கு ஆதாரம் எங்கே? அதைப் படித்ததும் வயிற்றில் லேசாக ஒரு பிசைவு, தோள் கொஞ்சம் இறுகுகிறது. அடுத்த ஐந்து நொடிக்குள் கை மொபைலுக்குப் போய்விடும். அல்லது ரெஃபரன்ஸ் பட்டியலில் கமாவும் புள்ளியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பிப்பார். அல்லது இன்னும் இரண்டு பேப்பர் படித்துவிட்டு எழுதலாம் என்று புதிதாக ஒரு பிடிஎஃப் இறக்குவார். இந்த மூன்றில் கடைசியானதுதான் ஆபத்து, ஏனென்றால் அது அச்சு அசல் வேலை மாதிரியே இருக்கும், சாயங்காலம் வரை அதைச் செய்துவிட்டு "இன்னிக்கு நல்லா உழைச்சேன்" என்று எழுந்துபோகலாம், நான்காவது அத்தியாயத்தில் ஒரு வரிகூடக் கூடியிருக்காது.

தள்ளிப்போடுவதை நேர மேலாண்மைப் பிரச்சினை என்று நினைத்துத்தான் டைம்டேபிள் போடுகிறோம். ஃபியூஷா சிராயும் டிமதி பிச்சிலும் 2013ல் வேறு மாதிரி சொன்னார்கள்: தள்ளிப்போடுவது உணர்ச்சியைச் சமாளிக்கிற விஷயம். அந்த வேலை ஒரு கெட்ட உணர்வைக் கிளப்புகிறது; அதை இந்த நிமிடமே சரிசெய்துவிட மனம் பார்க்கிறது; வேலையை விட்டு விலகினால் உடனே லேசாகிவிடுகிறது. அந்த லேசான உணர்வே பரிசாகிப்போவதால் அடுத்த முறை இன்னும் வேகமாக விலகுவோம். டைம்டேபிளில் பத்தரைக்கு எழுத்துவேலை என்று இருந்தால் மட்டும் வயிற்றுப் பிசைவு போய்விடாது.

மைண்ட்ஃபுல்னெஸ் உதவுகிறது என்றால் அந்த ஐந்து நொடியில்தான். பிசைவு வந்ததும் 'ஆமாம், இந்தக் கமெண்ட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது' என்று தனக்குள் ஒப்புக்கொள்வது, அது வயிற்றில் இருக்கிறதா தோளில் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு மூச்சு விடுவது, அப்புறம் அதே கமெண்ட்டை மறுபடி படிப்பது. பயம் போயிருக்காது. ஆனால் பயத்தோடேயே ஒரு வரி எழுத முடியும் என்பது தெரியவரும். நெட்டா வைன்ஸ்டீன், பிரவுன், ரயன் மூவரும் மாணவர்களை வைத்துச் செய்து 2009ல் வெளியிட்ட ஆய்வுகளில் கண்டது இதற்கு நெருக்கமானது: கவனம் கூடுதலாக இருந்தவர்கள் ஒரே மாதிரியான நெருக்கடியைக் குறைவான அச்சுறுத்தலாக எடுத்துக்கொண்டார்கள், விலகி ஓடுகிற வழிகளைக் குறைவாகக் கையாண்டார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: நேற்று எழுதவில்லை என்பதற்காக இன்று தன்னைத் திட்டிக்கொள்வது. திட்டிக்கொண்டால் ரோஷம் வரும், உழைப்போம் என்று நமக்குச் சின்ன வயதில் இருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 2010ல் கனடாவில் மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் முதலாமாண்டு மாணவர்களைப் பார்த்தபோது, முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டு ஃபைலின் மேல் இருக்கிற கெட்ட உணர்வை இன்னும் கூட்டுகிறது, அவ்வளவுதான் அது செய்கிற வேலை.

ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் மிகைப்படுத்திப் பேசுவது அதிகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2018ல் வந்தது. தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் ஓர் எல்லையைத் தாண்டியவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 57 சதவீதம், பெற்றவர்களில் 37 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் பிஎச்.டி. மாணவர்களை மட்டும் வைத்து ஒரு சிறிய பரிசோதனை நடந்தது: எட்டு வாரம் தினமும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, நம்பிக்கையும் மீண்டெழும் திறனும் சேர்ந்த அளவீடு கூடியது. இன்னொரு பக்கம், பிரிட்டனில் 85 பள்ளிகளில் 11 முதல் 13 வயதுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2022ல் எந்தப் பலனையும் காட்டவில்லை. பிள்ளைகளில் பலர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. 2014ல் 47 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மிதமான பலன் உண்டு, ஆனால் உடற்பயிற்சி, மருந்து, நடத்தைச் சிகிச்சை போன்றவற்றை விட இது மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. பெரியவர்களுக்கு, விரும்பி வந்தவர்களுக்கு, விடாமல் செய்தவர்களுக்கு நடுத்தரமான உதவி. இதுதான் நேர்மையான கணக்கு. சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறது, பழைய காயங்கள் மேலே வருகின்றன. அவர்கள் வலுக்கட்டாயமாக உட்கார வேண்டியதில்லை. மனம் மிகவும் உடைந்திருக்கிற நேரத்தில் பத்து நாள் மௌன முகாமுக்குக் கிளம்புவதும் சரியில்லை, முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உட்கார முடியாதவர்களுக்கு நடை இருக்கிறது. ரயனும் சகாக்களும் 2010ல் மாணவர்களைப் பதினைந்து நிமிடம் நடக்கவிட்டார்கள், சிலரைக் கட்டடத்துக்குள் தாழ்வாரத்தில், சிலரை வெளியே மரங்கள் நிற்கிற பாதையில். மரத்தடியில் நடந்தவர்களுக்குத் தெம்பு கூடியது. நம் ஊர்ப் பழைய கல்லூரி வளாகங்கள் பலவற்றில் வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியும் தாராளமாக நிற்கின்றன. மதியம் சாப்பிட்டதும் மொபைலைப் பையில் போட்டுவிட்டு ஒரு சுற்று வந்தால் போதும், அதற்கு எந்த மொபைல் ஆப்பும் வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஒரு கோபமும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெல்லோஷிப் பணம் நாலு மாதமாக வராத ஸ்காலருக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிலரங்கு நடத்துவது அநியாயம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்குப் பல வருடங்களாக 8,000 ரூபாய்தான். எந்த உதவித்தொகையும் இல்லாமல், தனியார் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டு, பார்ட் டைமில் ஆய்வு செய்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். காலையில் வீட்டு வேலை, பகலில் கல்லூரி, சாயங்காலம் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவு பத்து மணிக்கு மேல் ஆய்வு என்று ஓடுகிற பெண்களுக்குத் தெம்பு எங்கே போனது என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. பெண்களுக்குப் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது, ஆறு வருட உச்சவரம்புக்கு மேல் கூடுதல் அவகாசமும் உண்டு. இதைக் கேட்டு வாங்கத் தயங்குபவர்கள் நிறையப் பேர். முன்னே சொன்ன பெல்ஜியம் ஆய்விலேயே மனநலத்தோடு தொடர்புடையவை என்று வந்தவை வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவிலான இழுபறி, வேலைப்பளு, தன் வேலை தன் கையில் இருக்கிறதா என்பது, வழிகாட்டி நடத்துகிற விதம். மூச்சுப் பயிற்சி இவற்றில் ஒன்றையும் மாற்றாது. மாற்ற வேண்டியது துறைத்தலைவரும் கைடும் நிதிப் பிரிவும்.

விட்டுவிடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும், யாரும் பேசுவதில்லை. எல்லோரும் முடித்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2003ல் காட்டியது, எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள் என்று. கஷ்டம் எங்கே என்றால், களைத்துப்போனதால் விட நினைக்கிறோமா, உண்மையிலேயே இது வேண்டாம் என்பதால் விட நினைக்கிறோமா என்று உள்ளிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். டி.சி. (ஆய்வு ஆலோசனைக் குழு) மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று இரவு எடுக்கிற முடிவு பெரும்பாலும் களைப்பின் முடிவு. இரண்டு வாரம் நன்றாகத் தூங்கி, ஊருக்குப் போய்வந்து, தினமும் கொஞ்சம் நடந்து, அதற்குப் பிறகும் ஆய்வுக் கேள்வியை நினைத்தால் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போதும் தலைப்பை மாற்ற முடியுமா, கைடை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இதற்கு நடைமுறை இருக்கிறது, சங்கடம் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஆய்வு பற்றிய யோசனையை அப்படியே தள்ளிவைத்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கைடுகளாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தியாயம் வந்தால் எத்தனை நாளில் பார்த்துத் திருப்புவீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் திருப்புங்கள். எது நன்றாக வந்திருக்கிறது என்றும் எழுதுங்கள். 'ஆதாரம் எங்கே' என்று கேட்பது உங்கள் கடமை, அதற்கு முந்தைய பத்தி நன்றாக இருந்தால் அதைச் சொல்வதும் கடமைதான். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் ஸ்காலர் வந்து நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கூட்டத்தை விசாரணை மாதிரி நடத்தாமல், அடுத்த ஆறு மாதத்தில் எதை முதலில் செய்யலாம் என்று நீங்களே நினைக்கிறீர்கள் என்று ஸ்காலரிடம் கேட்டுப்பாருங்கள்.

ஸ்காலர்களுக்கு, தனியாக எழுதாதீர்கள். வாரத்தில் இரண்டு காலை, துறையில் இருக்கிற மூன்று நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதுங்கள். தலைப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, தமிழ் இலக்கியமும் தாவரவியலும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். ஆரம்பிக்கும்போது இன்று எந்தப் பகுதி என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்வது, மூன்று நிமிடம் சும்மா மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பது, மொபைல்களை மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் எழுதுவது, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது, மறுபடி இருபத்தைந்து. நாலு சுற்று ஆனதும் கேன்டீனுக்குப் போய் டீ. எத்தனை பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எங்கே சிக்கியது என்று வேண்டுமானால் கேட்கலாம். உங்களுக்குச் சிக்கிய அதே மாதிரி இடத்தில்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிற சீனியருக்கும் சிக்கியிருக்கும். அவர் அதை எப்படித் தாண்டினார் என்பது எந்த ரிசர்ச் மெத்தடாலஜி பாடத்திலும் வராது, அந்த டீ மேசையில்தான் கிடைக்கும்.